சொட்டு அண்ணாச்சியும் ரெண்டாம் எதிரியும்

“...அதனாலதான் சொல்லுதேன், தண்ணி பொய் சொல்லாது. நீங்களும் பொய் சொல்லல, அது உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்பொ அந்த எறாலு எப்படிச் செத்துச்சு? அது ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டு முன்னறையில், மீன் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னவர் சொட்டு அண்ணாச்சி. சொல்லி முடித்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தவர், அதற்கு அடுத்து ஒரு காரியம் செய்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாமல் அதைக் கேட்டால், ‘இதென்ன பெரிய விஷயம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். என் அக்கா வீட்டுக்குப் பழக்கமான வாசகர்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் பத்திரிகையைக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினாலும், ‘என் தப்பு’ என்ற வார்த்தையை வாழ்நாளில் வாயில் வைக்காத மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர்தான் அண்ணாச்சி. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் என்று நினைத்து வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் நன்றாகத் தூங்கி, வத்திராயிருப்பில் போய் இறங்கினார். இறங்கியவர் டிரைவரைப் பார்த்துச் சொன்னாராம்: “இந்தப் பக்கம் எதுக்குய்யா ஓட்டிட்டு வந்த? சரி, வந்தது வந்தாச்சு. இனிமே பாத்து ஓட்டு.”

ராஜபாளையத்தில் என் கடை டூவீலர் சீட் கவர் தைக்கிற கடை. எனக்கு அடுத்த கடை அவருடையது. வாசலில் சாதா தங்க மீன்களும் சண்டை மீன்களும் பைசாவுக்காக நீந்திக்கொண்டிருக்கும். உள்ளே, ஒரு பழைய திரைக்குப் பின்னால், உப்புத் தண்ணீர்த் தொட்டி. கடல் எங்களுக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். மேற்கே பார்த்தால் மலைதான். அந்த ஊரில் ஒரு மனிதர் உப்பைக் கலக்கி, விளக்கைப் போட்டு, மோட்டார் வைத்து அலையடித்து, தனியாக ஒரு கடல் வைத்திருந்தார்.

அந்தக் கடலைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தண்ணீர் டெஸ்ட். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர்கள் தண்ணீரைக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் கெட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அட்டை உண்டு. சில டெஸ்ட்டில் எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறதென்று எண்ண வேண்டும். அண்ணாச்சி எண்ணுவார். தெலுங்கில் எண்ணுவார்.

“ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு...”

அவர் வீட்டம்மா தெலுங்கு பேசுகிற குடும்பம். கல்யாணமான புதிதில் அவரிடம் பத்து வரைக்கும் கற்றுக்கொண்டதோடு அண்ணாச்சியின் தெலுங்கு நின்றுவிட்டது. அதனால் பத்துச் சொட்டுக்கு மேல் போகிற தண்ணீர் எல்லாமே அவர் கணக்கில் கெட்ட தண்ணீர். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. ஒரு வீட்டில் ஏழாவது சொட்டில் குக்கர் விசில் அடித்தது. அண்ணாச்சி குழாயைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, “மொதல்ல சாப்பிட்டு முடிங்க. பொறவு வாரேன்” என்று எழுந்து போய்விட்டார். அந்தக் குடும்பம் அன்றைக்குச் சாம்பார் வைத்ததே தப்பு என்பது போல ஆகிவிட்டது.

நிறம் பார்ப்பதற்கென்று ஒரு தனிச் சடங்கு வைத்திருந்தார். டியூப் லைட்டில் பார்க்க மாட்டார். வெயிலுக்கு வந்து, வெள்ளைத் துணிக்கு முன்னால் குழாயைப் பிடித்துத்தான் பார்ப்பார். என் வேட்டி நுனி அதற்காகவே பாதி நாள் அவர் கையில் இருக்கும். எனக்கு வாடிக்கையாளர் வந்து, வேட்டியை நான் உருவிக்கொண்டு போன ஒரு நாளில், தெருவில் வாக்குக் கேட்டு ஊர்வலம் வந்தது. முன்னால் வந்த வேட்பாளர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. அண்ணாச்சி நேராகப் போய் அவர் நெஞ்சுக்கு நேரே குழாயைப் பிடித்தார்.

“தலைவரே, செத்த நேரம் அசையாம நில்லுங்க.”

வேட்பாளர் ஏதோ ஆரத்தி என்று நினைத்துக் கும்பிட்டபடி நின்றார். கொட்டு நின்றது. ஊர்வலமே நின்றது. அண்ணாச்சி ஒரு கண்ணை மூடி, அட்டையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு. போயிட்டு வாங்க” என்றார். நல்லாருக்கு என்று சொன்னது தண்ணீரை. வேட்பாளர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்.

செல்போனில் குழாயைப் படம் எடுத்து அனுப்பி விளக்கம் கேட்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “போட்டோவுல பாத்துச் சம்மதம் சொல்ல இது என்ன பொண்ணு பாக்கற சோலியா? தண்ணியைக் கொண்டா, இல்ல என்னையக் கூட்டிட்டுப் போ.” கூட்டிக்கொண்டு போவார்கள். குழாய்களைத் தன் சட்டைப் பையில் வரிசையாகச் செருகிக்கொண்டு பஸ் ஏறுவார். புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றில் இருக்கும் பெருமாளுக்குப் போகிற கூட்டத்தில் அவரும் நானும் நசுங்கிக்கொண்டிருந்தோம். பையில் மஞ்சள் குழாயைப் பார்த்த ஓர் அம்மா பரிவோடு கேட்டார்.

“சுகரா அண்ணாச்சி?”

“எனக்கில்ல தாயி. மீனுக்கு.”

“மீனுக்கா? மீனுக்கெல்லாமா சுகர் வருது?”

பின் சீட்டிலிருந்து ஒருவர், “வராம? திங்கறது பூராம் உரம் போட்ட தீனி” என்றார். படிக்கட்டில் தொங்கியவர், “அப்போ மீனைத் தின்னா நமக்கும் ஒட்டுமா?” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் மீனை விட்டுவிட்டார்கள். புரட்டாசியாக இருந்ததால் அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

இப்படிச் சிரிக்க வைத்தாலும், தண்ணீரைப் படிப்பதில் அவருக்கு இணை கிடையாது. டெஸ்ட் எடுக்க யாருக்கும் தெரியும். வந்த பதிலை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் எல்லோரும் தொட்டியைக் கெடுத்துக்கொள்வார்கள். ஒரு நம்பர் குறைந்தால் ஓடிப்போய் மருந்தை வாங்கி ஊற்றுவார்கள். அண்ணாச்சி ஊற்ற விட மாட்டார்.

“பஸ்ஸு நிக்கிற எடத்தப் பாத்தா ஏறுவ? போற ஊரப் பாத்துத்தான ஏறுவ? ஒத்த நம்பரு பஸ்ஸு நிக்கிற எடம். நாலு நாளைக்கு எடுத்துப் பாரு, எந்தப் பக்கமாப் போகுதுன்னு தெரியும். பொறவு ஏறு.” வத்திராயிருப்பு வரைக்கும் தூங்கிக்கொண்டு போனவர் இதைச் சொல்கிறாரே என்று நான் வாயைத் திறப்பதற்குள், “டிரைவரு சரியில்லன்னா அது வேற கதை” என்று முடித்துவிடுவார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: “தொட்டியில பசியால செத்த மீனை நான் பாத்ததில்ல தம்பி. அம்புட்டும் பாசத்தால செத்ததுதான்.”

அம்மோனியா டெஸ்ட் பச்சையாக வந்தால், அந்த வீட்டில் யாரோ அளவுக்கு மீறிப் பாசமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம் எடுப்பார். அதைக் கண்டுபிடித்தால் சபையில் போட்டு உடைப்பார். ராஜபாளையத்தில் ஒரு மில் மேனேஜர் வீட்டில் பச்சையைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தையே வரிசையில் நிற்க வைத்தார். மேனேஜர் காலையில் தீனி போட்டிருக்கிறார். மனைவி, அவர் போட மறந்திருப்பார் என்று மதியம் போட்டிருக்கிறார். வாட்ச்மேன், பெரிய இடத்தில் மீனைப் பட்டினி போடுகிறார்களே என்று மனம் பொறுக்காமல் சாயந்திரம் தன் பங்குக்குப் போட்டிருக்கிறார். “மூணு பேரும் சேந்து கொன்னுருக்கீக” என்று ஒரே வரியில் தீர்ப்பு.

அதே வீட்டில் பிறகு ஓர் இறால் செத்தது. அந்த அம்மா தொட்டிக்குள் அழகுக்காகக் கையகலப் பித்தளை மயில் ஒன்றை வைத்திருந்தார். அண்ணாச்சி மயிலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தூக்கினார். “பித்தளைக்குள்ள செம்பு இருக்குல்லா? செம்பு உப்புத் தண்ணியில கரையும். மீனு தாங்கிக்கிடும். எறாலு, நத்தை இதெல்லாம் தாங்காது, துளி போதும். நீங்கதாம்மா கொன்னீக, உங்க கையால.” அந்த அம்மா அழுதுவிட்டார். வெளியே வந்ததும் நான், “கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி” என்றேன். “தண்ணி பதமா சொல்லுச்சாலே எங்கிட்ட?” என்றார். கோபம் வந்தால் தம்பி என்பது ஏலே ஆகிவிடும்.

இப்படிப்பட்டவரை என் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அத்தானுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை. கோயிலுக்கு வருகிற கூட்டத்தை இழுக்க வேண்டுமென்று, கடை வாசலில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டார். அண்ணாச்சி வைத்துக் கொடுத்தார். கூட்டம் வந்தது. மீனைப் பார்த்தது. போட்டோ எடுத்தது. ‘மீன் கடைக்கு எதிர்த்த கடையில் பால்கோவா நன்றாக இருக்கும்’ என்று பேசிக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போனது. போதாக்குறைக்கு விறகடுப்புப் புகை. அண்ணாச்சி டெஸ்ட் எடுத்துப் பார்த்து, “தண்ணி புளிச்சுக்கிட்டு வருது மொதலாளி. அதுக்கு மூச்சு முட்டுது. வீட்டுக்குக் கொண்டுபோங்க” என்றார். அப்படித்தான் தொட்டி வீட்டு முன்னறைக்கு வந்தது. அந்த அறையில்தான் அத்தானின் அப்பா இருந்தார். எனக்கு மாமா முறை.

மாமா கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கில் வருகிறவர்களின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுகிற வேலை. அவர் கூப்பிட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தமில்லாத ஆள்கூட எழுந்து நிற்பான் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிப்போனது. நாக்குத் தடித்துப்போனது. “பேசப் பேசத்தான் சரியாகும்” என்றார் டாக்டர். மாமா பேசவில்லை. முடியாமல் இல்லை. ஊரே கேட்ட அந்தக் குரலை இப்படி உடைந்த நிலையில் யாருக்கும் கேட்கக் கொடுக்க அவருக்கு மனசில்லை. மாதக் கணக்கில் தலையாட்டலிலேயே குடும்பம் நடந்தது.

தொட்டி வந்த சில நாளில், அடுப்படியில் இருந்த அக்காவுக்கு முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டிருக்கிறது.

“மு...தல் எதிரி. மு...தல் எதிரி. முதல் எதிரீ...”

எட்டிப் பார்த்தால், மாமா தன் தொங்கிய கையை இடது கையால் தூக்கித் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இறால் ஒன்று ஏறி நின்று, விரல் விரலாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அந்த வகை இறாலுக்கு அதுதான் தொழில், மீனுக்கு அழுக்கெடுப்பது. மாமாவின் கையும் அதற்கு ஒரு மீன். அது கூசியதில் மாமாவின் விரல்கள் அசைந்தன.

இரண்டு இறால்கள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூப்பிடுகிற மாதிரி முதல் எதிரி, ரெண்டாம் எதிரி. மீன்கள் எல்லாம் சாட்சிகள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகள் ஜாமீன்தாரர்கள். தினமும் காலையில் கோர்ட் கூடியது. மாமாவின் நாக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இளகியது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று அக்காவைத் திட்டுகிற அளவுக்குப் பேச்சு வந்தபோது, அக்கா சந்தோஷத்தில் எனக்குப் போன் போட்டு அழுதாள். “அவிய என்னையத் திட்டிட்டாகடா!”

நடுவில் ஒருமுறை முதல் எதிரி செத்துவிட்டதாகத் தகவல் வந்து, அண்ணாச்சியும் நானும் ஓடினோம். தொட்டியில் கிடந்தது வெறும் தோல். இறால் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. “ஐயா, எதிரி சட்டைய மாத்திருக்கான், அம்புட்டுதான்” என்று அண்ணாச்சி சொன்னதும் மாமா, “அடை...யாளம் மறை...க்கான்” என்றார். இருவரும் அன்றிலிருந்து கூட்டாளிகள்.

ஆனால் பிறகு ஜாமீன்தாரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை விட்டுக் கீழே விழுந்தார்கள். ஒரு காலையில் முதல் எதிரி நிஜமாகவே செத்துக் கிடந்தது. ரெண்டாம் எதிரி பாறை இடுக்குக்குள் போய் முடங்கிக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை.

அக்கா போனில் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஏலே, அவிய மறுபடியும் தலையாட்ட ஆரம்பிச்சுட்டாக. அந்த ஒத்தப் பூச்சியும் போச்சுன்னா பொறவு வாயத் தெறக்க மாட்டாகடா. அண்ணாச்சியக் கூட்டிட்டு வா. இப்பமே வா.”

போனோம். ராஜபாளையத்திலிருந்து கேன்களில் புது உப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனோம். அண்ணாச்சி டெஸ்ட் எடுத்தார். அம்மோனியா மஞ்சள், சுத்தம். அடுத்தது சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். சொட்டுகளை எண்ணினார். எட்டில் நின்றது. உப்பின் அளவு சரி. சூடு சரி. எல்லாக் குழாய்களும் பாடப் புத்தகப் படம் மாதிரி இருந்தன. அண்ணாச்சியின் முகம் மட்டும் சரியில்லை.

“மீனு பூராம் நல்லாருக்கு. நத்தையும் எறாலும்தான் போகுது. தாயி, கொசு மருந்து அடிச்சியா?”

“இல்ல அண்ணாச்சி. தொட்டி வந்ததுலருந்து வலைதான்.”

“தரைக்குப் பினாயில்?”

“இந்த அறையில வெறுந்தண்ணிதான்.”

“வத்திப்போனதுக்கு ஈடா ஊத்துறது என்ன தண்ணி?”

“ஆர்.ஓ. தண்ணிதான். நீங்க சொன்ன மாதிரி.”

அத்தான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கடைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்த மனிதர், பாவம். அண்ணாச்சி கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். “டெஸ்ட்டு இருக்கே, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், கோர்ட்டுச் சாட்சி மாதிரி. ஏதோ ஒரு கேள்விய நான் கேக்கல...” என்று ஆரம்பித்துத்தான், முதலில் நான் எழுதிய இடத்துக்கு வந்து சேர்ந்தார். தண்ணி பொய் சொல்லாது, நீங்களும் பொய் சொல்லல, தாயி குடிக்கத் தண்ணி குடு.

அக்கா எழுவதற்குள் மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தண்ணீர் கொடுப்பது அந்த வீட்டில் மாமாவின் வேலை. சுவரோரம் முக்காலியில் பளபளவென்று ஒரு செம்புப் பானை. செம்பில் வைத்த தண்ணீர் நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி, பக்கவாதத்துக்குப் பிறகு அக்கா வாங்கியது. ராத்திரி ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து அதில் ஊற்றி வைப்பாள். மாமா இடது கையால் சிறிய செம்புச் சொம்பில் மொண்டு, மெதுவாக நடந்து வந்து, அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியபடி அப்படியே இருந்தார். கண் மட்டும் பானையைப் பார்த்தது.

சொம்பை வாங்கிக்கொண்டு போன மாமா, மறுபடியும் மொண்டார். தொட்டிக்குப் போனார். தினமும் காலையில் செய்வதைப் போல, தனக்கு நல்லது என்று கொடுத்த தண்ணீரில் ஒரு சொம்பு அந்த ஜீவன்களுக்கும் சேர்த்து ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

“ரெண்...டாம் எதிரி. ரெண்...டாம் எதிரி.”

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

அக்காவோ அத்தானோ அதைக் கவனிக்கவே இல்லை. தினமும் நடப்பதுதானே. ஆர்.ஓ. தண்ணீர்தானே. பொய் யாரும் சொல்லவில்லை.

அண்ணாச்சி வாயிலிருந்ததை விழுங்கினார். பையைத் துழாவி, அடியில் கிடந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். செம்புக்கென்றே இருக்கிற டெஸ்ட். பித்தளை மயிலுக்குப் பிறகு அதை அவர் திறந்து நான் பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு குழாய் மொண்டுகொண்டு தெருவுக்கு வந்தார். நான் கேட்காமலே வேட்டி நுனியைப் பிடித்தேன். சொட்டு விட்டார். அன்று எண்ணவில்லை, தெலுங்கிலும் இல்லை, தமிழிலும் இல்லை. நிறமே வரக் கூடாத தண்ணீரில், வெள்ளை வேட்டிக்கு முன்னால், மெல்ல ஒரு நிறம் ஏறியது.

எனக்கு அந்த மேனேஜர் வீட்டம்மா அழுத முகம் ஞாபகம் வந்தது. “அண்ணாச்சி, கொஞ்சம் பதமா...” என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மாமா தொட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் அண்ணாச்சி நின்றபடியே சொன்னார்: “தண்ணியில செம்பு கலந்திருக்கு.”

“செம்பா?” என்றாள் அக்கா. அவள் கண் அறையைச் சுற்றத் தொடங்கியது. முக்காலிப் பக்கம் திரும்புவதற்கு ஒரு நொடிதான் பாக்கி.

“என் தப்பு.”

பேசியது யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருமில்லை. அண்ணாச்சியேதான்.

“நான் மாட்டுன மோட்டாரு. உள்ள செம்புக் கம்பி. மேல்தோல் தேஞ்சு தண்ணியில படுது. நான் பாத்திருக்கணும், பாக்கல. அம்புட்டும் என் தப்பு தாயி.”

அக்கா விடவில்லை. நான் தடுத்தும் விடவில்லை. “உங்கள நம்பித்தான அண்ணாச்சி விட்டோம்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதீக, நீங்க மாட்டுன மோட்டாரைப் பாக்க மாட்டீகளா? அவிய வாயில ரெண்டு வார்த்தை வந்ததே இந்தப் பூச்சியாலதான...” அத்தானும் தன் பங்குக்கு, “விலை குறைஞ்ச மோட்டாரா அண்ணாச்சி?” என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே தெரு இரண்டாகியிருக்கும். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் மாமாதான் இடது கையைத் தூக்கினார்.

“உடு... தாயி. தப்ப... ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்...கிட்டவனுக்குத் தண்டனை... கொறைக்கணும்.”

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். திட்டு அதோடு நின்றது.

அண்ணாச்சி ஒரு குறையும் இல்லாத அந்த மோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேறொன்றை மாட்டினார். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கேன் தண்ணீரை ஊற்றினார். நஞ்சை இழுக்கிற கரித்தூள் பையைத் தொங்கவிட்டார். பிறகு, தான் உப்புக் கலக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தார். அந்த ஜக்கை நான் ஒருமுறை தொட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். அதை மாமாவின் இடது கையில் கொடுத்தார்.

“ஐயா, இனிமே இதுலதான் ஊத்தணும். ஆர்.ஓ. குழாயில நேராப் புடிச்சு ஊத்தணும். நீங்கதான் ஊத்தணும், வேற யாரும் தொடக் கூடாது. நீங்க குடிக்கிற தண்ணி வேற, அதுக குடிக்கிற தண்ணி வேற. ரெண்டு கட்சிக்கும் ஒரே வக்கீலு ஆவாரா, நீங்களே சொல்லுங்க.”

மாமா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் சிரிப்பு முழுசாகத்தான் வந்தது.

ரெண்டாம் எதிரி பிழைத்துக்கொண்டது. பாறையை விட்டு வெளியே வந்து மறுபடியும் கையில் ஏறியதாக அக்கா போன் செய்தாள். மாமா இப்போது அதன் பெயரோடு எதிர் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறாராம். அவர் எழுந்து வருகிறாராம். அண்ணாச்சி கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடியில் மகளோடு இருக்கிறார். போனதும் முதல் வேலையாகக் கடல் தண்ணீரைக் குழாயில் எடுத்துப் பார்த்திருக்கிறார். “என்ன வந்துச்சு அண்ணாச்சி?” என்று போனில் கேட்டேன். “ஏழு சொட்டுலயே மாறிருச்சு தம்பி. கடல்ல ஏதோ தப்பு இருக்கு” என்றார்.

அந்த மோட்டாரைப் பற்றி இன்றுவரை அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது நடந்தது மட்டும்தான் பாக்கி.

பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். தப்பை ஒத்துக்கொண்ட மனிதரைச் சும்மா அனுப்ப மாமாவுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பானையில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்தார். வருகிற வழியில் தொட்டி. பழகிய கால் அங்கே நின்றது. பழகிய கை தொட்டிப் பக்கமாகச் சாய்ந்தது.

“ஐயா!” அண்ணாச்சி பையைப் போட்டுவிட்டு ஓடினார். “அது எனக்கு. தொண்ட வத்திக் கெடக்கு.”

சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தள்ளாடிப் போய் இன்னொரு சொம்பு மொண்டு வந்தார். அதையும் குடித்தார். மறுபடியும் வந்தது. அத்தான், “போதும்ப்பா, பஸ்ஸுல போற மனுஷன்” என்றார். அண்ணாச்சி கையால் அவரை அமர்த்திவிட்டு, அதையும் வாங்கி, தொட்டிக்குத் தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணை மூடி நிதானமாகக் குடித்து முடித்து, மாமாவுக்கு எதிரே சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.